கடைக் கம்ப்யூட்டருக்குச் சூடு தணிக்க எது ஏற்றது?



2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள், சனிக்கிழமை. நம் உறுப்பினர் ஒருவரின் மளிகைக் கடையில் வாசல் வரை கூட்டம். முற்பகல் பதினொரு மணிக்கு பில் போடும் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகர ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் திரை இருண்டுவிட்டது. மறுபடி போட்டால் பத்து நிமிடம் ஓடும், மறுபடி அணையும். வேறு வழியின்றிக் கடைப் பையன்கள் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தள்ளினார்கள். அந்தச் சீட்டுகளைக் கூட்டிச் சரிபார்க்க இரண்டு நாளாயிற்று. பற்று வைத்து வாங்கிச் சென்ற சிலரின் சீட்டு எங்கே போயிற்று என்பது இன்று வரை தெரியவில்லை.

வைரஸ் என்றார் ஒருவர். கரண்டு ஏற்ற இறக்கம் என்றார் இன்னொருவர். பண்டிகை முடிந்து பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. உள்ளே பிராசஸருக்கு மேல் இருக்கும் விசிறியின் அடியில் கோதுமை மாவும், மிளகாய்த் தூளும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையின் பிசுக்கும் சேர்ந்து கம்பளி விரித்தது போல் அடைத்துக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, பெட்டியை ஒட்டினாற்போல் பால் வைக்கும் பிரிட்ஜ். அதன் பின்புறத்து வெப்பக் காற்று நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஐப்பசி மழை. உள்ளே சித்திரை வெயில்!

இப்போது நம்மவர்களில் பலர் பெரிய கம்பெனி கம்ப்யூட்டர் வாங்காமல், பாகம் பாகமாக வாங்கிக் கடைக்கென்று அசெம்பிள் செய்துகொள்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, கல்லூரியில் படிக்கும் பிள்ளையை விட்டு வீட்டிலேயே பூட்டச் சொல்பவர்களும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் பிராசஸர் என்ன, மெமரி எவ்வளவு என்று கேட்டு வாங்குகிற நாம், சூடு தணிக்க என்ன ஏற்பாடு என்று கேட்பதில்லை. அதைப் பற்றி விரிவாக எழுதும்படி உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டருக்குள் ஓடும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதில் பெரும் பங்கு பிராசஸர் என்னும் சில்லிலிருந்து வருவது. 486 வகைச் சில்லுகள் 1989-இல் முதலில் வந்தபோது விசிறி இல்லாமலே ஓடின. 1993-இல் வந்த 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பம் விட்டது. அதற்கு விசிறி தேவைப்பட்டது. 2004-இல் வந்த பென்டியம் 4 வகைகளில் சில 100 வாட்டைத் தாண்டின. இன்று கடைக் கணக்குக்குப் போதுமான ஒரு நடுத்தரப் பிராசஸர் 60 முதல் 90 வாட் வரை விடும்.

60 வாட் குண்டு பல்பு எரியும்போது கை வைத்தால் சுடும் என்பது நமக்குத் தெரியும். அந்த அளவு வெப்பம் ஒரு தபால் தலையை விடச் சிறிய இடத்திலிருந்து கிளம்பினால் எப்படி இருக்கும்? அதை உடனுக்குடன் அப்புறப்படுத்தாவிட்டால் சில்லு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இன்டெல் கோர் ஐ3-12100 போன்றவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ், ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி-க்கு 95 டிகிரி. அந்த வரம்பை நெருங்கியதும் சில்லு முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் இயந்திரம் அணைந்துவிடும். நம் உறுப்பினர் கடையில் நடந்தது இதுதான். முதலில் ஆமை வேகம், பிறகு இருட்டு. சில்லு கெடவில்லை. வியாபாரம்தான் கெட்டது.

பிரிட்ஜும் வெங்காயமும் சொல்லும் பாடம்

இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. கடையில் பிரிட்ஜ் இறக்கும்போது, பின்னால் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் போய்விடும் என்று சொல்லித்தானே வைக்கிறார்கள்? வெங்காய மூட்டையை நெருக்கி அடுக்கினால் இரண்டே நாளில் வியர்த்து அழுகுகிறது. காற்றாடக் கொட்டி வைத்தால் தாங்குகிறது. கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம். வெப்பத்தை எடுத்து வெளியே விட வேண்டும். வெளியே விட்டது மறுபடி உள்ளே வரக்கூடாது.

இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். விசிறியானாலும் தண்ணீர்க் குழாயானாலும், கம்ப்யூட்டருக்கு விற்கும் சாதாரண ஏற்பாடு எதுவும் ஏ.சி. இயந்திரத்தைப் போல் குளிரை உண்டாக்குவதில்லை. சில்லின் சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்கு மாற்றிவிடுகிறது, அவ்வளவே. ஆகவே சுற்றியுள்ள காற்று 10 டிகிரி கூடினால் சில்லின் சூடும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். உதாரணமாக, காலையில் கடைக்குள் 30 டிகிரி இருக்கையில் சில்லு 60 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணி பக்கம் 40 டிகிரியைத் தாண்டும்போது அதே வேலைக்குச் சில்லு 70-ஐத் தாண்டும். அதே பெட்டியைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்து, உள்ளே காற்று 50 டிகிரி ஆகிவிட்டால் சில்லு 80-ஐத் தொடும். எத்தனை விலையுயர்ந்த கூலர் போட்டாலும் இந்தக் கூட்டல் கணக்கு மாறாது.

முதல் முடிவு: சூடு குறைந்த சரக்கு

சூடு தணிப்பதில் பாதி வேலை பிராசஸரைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன ஐ3-12100-க்குக் கம்பெனி குறித்திருக்கும் அடிப்படை அளவு 60 வாட். முழு வேகத்தில் 89 வாட். ரைசன் 5 5600ஜி-க்கு 65 வாட். இதே இன்டெல்லின் ஐ9-14900கே என்னும் பெரிய சில்லுக்கு முழு வேகத்தில் 253 வாட்! பில் போடவும், இருப்பு பார்க்கவும், ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பவும் இந்தப் பெரிய சில்லு எதற்கு? சுமைக்கு மாட்டு வண்டி போதுமான இடத்தில் லாரி வாங்கி நிறுத்துவது போல்தான் அது. பில் மட்டுமே போடும் சிறு கடைக்கு என்100 போன்ற 6 வாட் சில்லு பொருத்திய சிறு பெட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றில் சில விசிறியே இல்லாமல் ஓடுபவை. மாவுத் தூசி அதிகம் உள்ள கடைக்கு அதுவும் யோசிக்கத் தக்கது.

மூன்று வழிகள்

பிராசஸர் முடிவான பிறகு கூலருக்கு வருவோம். கடையில் நம்மிடம் நீட்டப்படுபவை மூன்று வகை.

ஒன்று, பிராசஸர் டப்பாவோடு இலவசமாக வருவது. அலுமினியத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க். அதன் மேல் ஒரு சிறு விசிறி. 60, 65 வாட் சில்லுக்கு, காற்றோட்டமான பெட்டியில், இது போதும். எல்லாப் பிராசஸருடனும் இது வராது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் பெயரின் முடிவில் 'கே' என்று வரும் வகைகளுக்குக் கூலர் தனியாகத்தான் வாங்க வேண்டும். டப்பா இல்லாமல் சில்லை மட்டும் கொடுத்தால், கூலர் எங்கே என்று கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

இரண்டு, கோபுரம் போல் நிற்கும் கூலர். இதில் செம்புக் குழாய்கள் நான்கோ ஐந்தோ சில்லின் மேலிருந்து கிளம்பி, தகடு வரிசைக்குள் ஏறும். அந்தக் குழாய் வெறும் செம்பு அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே சிறிதளவு நீர் விட்டு அடைத்திருப்பார்கள். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மறுபடி நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே ஊறித் திரும்பி வரும். மின்சாரமும் வேண்டாம், பம்பும் வேண்டாம். இந்தத் தத்துவத்தை 1963-இல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டினார். கோபுரக் கூலரில் விசிறியும் பெரியது. பெரும்பாலும் 120 மில்லிமீட்டர். 80 மில்லிமீட்டர் விசிறியைவிட இதன் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆகவே மெதுவாகச் சுற்றினாலும் போதிய காற்றைத் தள்ளும், சத்தமும் குறையும்.

மூன்று, தண்ணீர்க் கூலர். சில்லின் மேல் ஒரு சிறு பம்பு. அங்கிருந்து இரண்டு ரப்பர் குழாய். அவை போய்ச் சேரும் இடத்தில் மோட்டார் வண்டியில் இருப்பது போல் ஒரு ரேடியேட்டர். 240 மில்லிமீட்டர் வகை என்றால் 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேறுவதற்குள், ஒரு கிலோ காற்றைப் போல் நான்கு மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 200 வாட்டுக்கு மேல் விடும் சில்லுகளுக்கு, வீடியோ வெட்டி ஒட்டும் ஸ்டூடியோக்காரர்களுக்கு, இது பொருத்தம். ஆனால் தண்ணீர் எடுத்த வெப்பமும் கடைசியில் நம் கடைக் காற்றுக்குத்தானே வர வேண்டும்? ரேடியேட்டரில் மாவு அடைத்தால் அதுவும் முடங்கும்.

மளிகைக் கடைக்கு மூன்றாவது வகையை நாம் பரிந்துரைக்க மாட்டோம். விலை மட்டும் காரணமல்ல. முதல் இரண்டிலும் ஓடும் உறுப்பு ஒரே ஒரு விசிறிதான். அது நின்றால் அதே அளவு விசிறியைக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். தண்ணீர்க் கூலரில் பம்பு நின்றால் முழு ஏற்பாட்டையும் மாற்ற வேண்டும். ஆண்டுகள் போகப் போக உள்ளிருக்கும் நீரும் குழாய் வழியே சிறிது சிறிதாக வற்றும். கசிவு அபூர்வம்தான், ஆனால் கசிந்தால் விழுவது மதர்போர்டின் மேல்.

ஆக, நம் தீர்ப்பு இதுதான். 65 வாட் சில்லு, காற்றாடும் இடம், தூசி குறைவு என்றால் டப்பாவில் வரும் கூலரே போதும். கடை வெயில் முகமாக இருந்தாலும், காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஓடினாலும், மசாலாத் தூள் பறந்தாலும் ஒரு சாதாரணக் கோபுரக் கூலர் போட்டுவிடுவது நல்லது. கொஞ்சம் தூசி அடைத்தாலும் சமாளிக்கும் தெம்பு அதற்கு உண்டு. அந்த உபரித் தெம்புக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கோபுரக் கூலர் பல 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். கேபினட்டின் விவரச் சீட்டில் எவ்வளவு உயரக் கூலர் கொள்ளும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் வாங்கினால் பக்கவாட்டுக் கதவு மூடாது. கதவைத் திறந்தே விட்டு ஓட்டுகிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். கடையில் அது எலிக்கும் கரப்பானுக்கும் கொடுக்கும் அழைப்பு. அடுத்து, கூலர் நம் மதர்போர்டின் சாக்கெட்டுக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். எல்.ஜி.ஏ.1700, ஏ.எம்.4, ஏ.எம்.5 என்று சாக்கெட் பெயர் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும்.

கேபினட்டைப் பொறுத்த வரை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு வண்ண விளக்கு எரிவதைக் கண்டு மயங்க வேண்டாம். கண்ணாடி வழியே காற்று புகாது. முன்புறம் வலை போட்டது, அந்த வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி உள்ளது, இதுவே நமக்கு ஏற்றது. முன்னால் இரண்டு விசிறி காற்றை உள்ளே இழுக்கட்டும். பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். வெளியே போவதைவிட உள்ளே வருவது சற்று அதிகமாக இருந்தால், இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. வடிகட்டி வழியாக மட்டுமே காற்று வரும். விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதற்குச் சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். பலவற்றில் இராது. அப்போது ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பூட்டும்போது நடக்கும் தவறுகள்

சில்லுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே தடவும் பசை முக்கியம். இரண்டு உலோகப் பரப்பும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் உண்டு. அந்த இடைவெளியில் காற்று நின்றால் வெப்பம் கடக்காது. பட்டாணி அளவு பசையை நடுவில் வைத்து அழுத்தினால் தானே பரவும். அதிகம் வைத்தால் அதிகப் பலன் என்பது இல்லை. கம்பெனிக் கூலரில் பசை முன்பே தடவியிருந்தால் மறுபடி தடவ வேண்டாம்.

சில கூலர்களின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் பூட்டிவிட்டு, சூடு ஏறுகிறதே என்று திகைப்பவர்கள் ஏராளம். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் முளைகளையும் மூலைக்கு மூலை எதிராக, 'கிளிக்' என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பழைய ஏ.எம்.4 சாக்கெட்டிலிருந்து கூலரைக் கழற்றும்போது நேராகப் பிடுங்கக்கூடாது. பசை இறுகியிருந்தால் சில்லும் கூடவே பெயர்ந்து வந்து கால்கள் வளையும். சிறிது நேரம் ஓட்டிப் பசையை இளக்கி, பிறகு அணைத்து, மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

வைக்கும் இடம்

கல்லாவுக்கு அடியில் மூடிய அறையில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். வேறு இடமே இல்லை என்றால் அந்த அறையின் பின்பலகையை எடுத்துவிடுங்கள். பெட்டியின் பின்னால் குறைந்தது அரை அடி இடைவெளி வேண்டும். பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, யு.பி.எஸ். இவற்றின் வெப்பக் காற்று வரும் பாதையில் வைக்க வேண்டாம். தரையில் வைத்தால் பெருக்கும் தூசியும் துடைக்கும் தண்ணீரும் அதற்கே. ஒரு முழம் உயரத்தில் பலகை அடித்து வைப்பது நல்லது. மாவு நிறுக்கும் தராசுக்கும் மிளகாய்த் தூள் டின்னுக்கும் எதிர்ப்புறமாக இருக்கட்டும். பூஜை மாடத்துக்குக் கீழே வேண்டாம். பின்புறத்தில் பயன்படாத ஓட்டைகளுக்கு உள்ள தகடுகளைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டிவிட வேண்டும். சுண்டெலி நுழைய அந்த வழி போதும்.

தண்ணீர் ஊற்றி ஓடும் ஏர் கூலரைக் கம்ப்யூட்டருக்கு நேராகத் திருப்பி வைக்கும் வழக்கமும் சில கடைகளில் உண்டு. அது ஈரக் காற்று. மாவுத் தூசியோடு ஈரம் சேர்ந்தால் பிசைந்த மாவாகித் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்க் கடைகளில் துருவும் சேர்ந்துகொள்ளும். மனிதருக்கு இதமான காற்று எல்லாம் இயந்திரத்துக்கு இதமாகாது.

பராமரிப்பு

மாதம் ஒரு நாள், கடை விடுமுறையில், கேபினட்டின் வடிகட்டியைக் கழற்றித் தட்டி, கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். முதலில் மின்சாரத் தொடர்பை அடியோடு பிடுங்கிவிடுங்கள், யு.பி.எஸ். தொடர்பும் இருக்கக்கூடாது. மென்மையான பிரஷ்ஷும், காற்று ஊதும் புளோயரும் போதும். ஊதும்போது விசிறி வேகமாகச் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதன் பேரிங் கெடும். ஈரத்துணி கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. மின்சாரம் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிது தடவச் சொல்லுங்கள்.

சூடு எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பயாஸ் திரையிலும், இதற்கென உள்ள இலவச மென்பொருள்களிலும் டிகிரிக் கணக்குத் தெரியும். புதிதாகப் பூட்டிய அன்றே, கடை மும்முரமாக இருக்கும் நேரத்தில் பார்த்து, அதைச் சிட்டையில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு, அதே பருவத்தில், 15 டிகிரி கூடியிருந்தால் தூசி அடைத்திருக்கிறது அல்லது விசிறி தளர்ந்திருக்கிறது என்று பொருள். விசிறி இரைச்சல் வழக்கத்துக்கு மாறாகக் கூடினாலும் அதே அறிகுறி.

இத்தனை செய்தாலும் இயந்திரம் இயந்திரம்தான். தினமும் கடை சாத்தும் முன் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகும் வழக்கம் வேண்டும். கல்லாப் பணத்தை எண்ணி எடுத்துச் செல்கிற நாம், கணக்கை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

முதலில் சொன்ன உறுப்பினர் இப்போது பெட்டியைப் பிரிட்ஜுக்கு எதிர்ப்புறச் சுவரில் பலகை அடித்து வைத்துவிட்டார். கூலரை மாற்றவில்லை, பழையதையே சுத்தம் செய்து, பசை மாற்றிப் பூட்டினார். பலகைக்கும் ஆணிக்கும் பசைக்கும் ஆன செலவு, அன்றைக்குக் கைமறதியாய்ப் போன ஒரு பற்றுச் சீட்டின் தொகைகூட இல்லை என்று அவரே சொல்கிறார். 2024 தீபாவளிக்கு அவர் கடையில் கடைசி பில் இரவு பதினொன்றரைக்குப் போடப்பட்டது, கம்ப்யூட்டரில்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைப் பெட்டியின் பின்புறத்தில் ஒரு முறை கை வைத்துப் பாருங்கள். காற்று வருகிறதா, அனல் வருகிறதா, எதுவுமே வரவில்லையா என்பது அந்தக் கைக்கே தெரிந்துவிடும்.